எல்லை கடந்த கடமை: குழந்தைப் பராமரிப்புத் தொகையும் பன்னாட்டுப் படிவங்களும்

முன்னுரை

பெற்ற பிள்ளைக்கு உணவும் உடையும் கல்வியும் அளிப்பது பெற்றோரின் கடமை என்பதில் எந்த நாடும் எந்தச் சமயமும் மாறுபடுவதில்லை. தமிழ் அறநூல்கள் இதனைப் பெற்றோரின் கடனாகப் போற்றுகின்றன. இசுலாமியச் சட்ட நூல்கள் 'நஃபகா' என்னும் பெயரால் இதற்குத் தனி இயலே வகுத்துள்ளன. இன்றைய அரசுகளோ இதனைச் சட்டக் கடமையாக்கித் தவறுவோரை நீதிமன்றத்தில் நிறுத்துகின்றன. ஆனால் நீதிமன்றத்தின் கை அந்நாட்டின் எல்லை வரையிலேதான் நீளும். கடமைக்குரியவர் எல்லையைத் தாண்டிவிட்டால், பிள்ளையின் பசி இந்த நாட்டிலும் தந்தையின் ஊதியம் அந்த நாட்டிலுமாகப் பிரிந்துவிடுகின்றன.

இவ்விரண்டையும் மீண்டும் இணைப்பதற்கு உலக நாடுகள் கண்ட வழிகளுள் பயன்மிக்கது எது என ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும். அது படையன்று, தூதரும் அல்லர், சில தாள்களில் அச்சிடப்பட்ட படிவமே ஆகும். தமிழ்த்துறை மலரில் படிவங்களைப் பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது என்று வாசகர் வினவலாம். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இருவர், ஒரு பிள்ளையின் உரிமையைப் பற்றி ஐயமின்றிப் பேசிக்கொள்ள மொழி எவ்வாறு ஒழுங்குபடுத்தப்படுகிறது என்பதே இங்கு வினா. அவ்வகையில் இது மொழித்துறைக்கும் உரிய பொருளேயாம். பராமரிப்புத் தொகையை எல்லை கடந்து பெறுதற்கு அமைந்துள்ள பொதுப் படிவங்களையும், அவற்றின் பின்னுள்ள உடன்படிக்கையையும், நம் நாட்டின் நிலையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சிக்கலின் தன்மை

ஒரு நாட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மற்றொரு நாட்டில் தானாகவே செல்லுபடியாவதில்லை. அந்த நாட்டு நீதிமன்றம் முதலில் அதனை ஏற்க வேண்டும், பின்னரே நிறைவேற்றும். அதற்கு அந்த ஊரில் ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவருக்குக் கட்டணம் வேண்டும். ஆவணங்களை மொழிபெயர்க்க வேண்டும். கையொப்பங்கள் உண்மையானவை என்று அலுவலகந்தோறும் முத்திரை பெற வேண்டும். திங்கள்தோறும் கிடைக்க வேண்டிய தொகையோ சிறிது; அதனைப் பெறுதற்கு ஆகும் செலவோ பெரிது. செல்வர் ஒருவர் தம் வணிகக் கடனுக்காக இத்துணைச் செலவும் செய்யக்கூடும். கைக்குழந்தையோடு வாழும் தாய் எங்ஙனம் செய்வாள்?

மேலும், வணிகக் கடன் காத்திருக்கும், வட்டியோடு வளரும். பிள்ளையின் பசி காத்திராது. ஐந்து வயதில் வாங்க வேண்டிய பாடநூலைப் பதினைந்து வயதில் வாங்கித் தந்து பயனில்லை. எனவே பராமரிப்புத் தொகையைப் பொறுத்தவரை காலந்தாழ்ந்த நீதி பாதி நீதியும் ஆவதில்லை. இக்காரணம் பற்றியே இதற்கெனத் தனியொரு பன்னாட்டு ஏற்பாடு தேவையாயிற்று.

முன்னோடி முயற்சிகள்

ஆங்கிலப் பேரரசு இச்சிக்கலை முன்பே உணர்ந்திருந்தது. 1920-ஆம் ஆண்டு பிரிட்டனில் பராமரிப்பு ஆணைகளைப் பேரரசின் பிற பகுதிகளிலும் நிறைவேற்றுதற்கான சட்டம் இயற்றப்பட்டது. அதனை ஒட்டி 1921-இல் இந்தியாவிலும் இலங்கையிலும் அத்தகைய சட்டங்கள் தோன்றின. கணவன் கப்பலேறிக் குடியேற்ற நாடொன்றுக்குச் சென்றுவிட்டால் மனைவியின் கையிலுள்ள ஆணை வெற்றுத் தாளாகிவிடக் கூடாது என்பதே அவற்றின் நோக்கம். ஆயினும் அவை ஒரே பேரரசின் ஆட்சிப் பகுதிகளுக்கு இடைப்பட்ட ஏற்பாடுகளாகவே அமைந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் பெருந்திரளாக நாடுவிட்டு நாடு பெயர்ந்தனர். குடும்பங்கள் சிதறின. அந்நிலையில் ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியால் 1956-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 1957-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் விண்ணப்பத்தை அனுப்பும் அமைப்பு ஒன்றும் பெறும் அமைப்பு ஒன்றும் இருக்க வேண்டும் என்னும் சீரிய கருத்தை அது தந்தது. தாய் தன் நாட்டு அமைப்பிடம் விண்ணப்பம் கொடுத்தால் போதும். பிற நாட்டு அமைப்பு அவள் சார்பில் அங்கு நடவடிக்கை எடுக்கும். நம் அண்டை நாடுகளான இலங்கையும் பாகிஸ்தானும் இவ்வுடன்படிக்கையில் இணைந்தன.

கருத்து நன்றாயினும் செயலில் குறைகள் தோன்றின. விண்ணப்பம் எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதற்கு ஒருமித்த முறை இல்லை. ஒரு நாடு கேட்கும் ஆவணத்தை மற்றொரு நாடு அறியாது. அனுப்பிய கட்டு போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் விடை வருவதில்லை. ஒரு தாள் குறைந்தது என்று மொத்தக் கட்டும் திரும்பி வரும். அதற்குள் ஓராண்டு கழிந்திருக்கும். கடமையை மறுத்தவர் எவருமிலர். தாள்கள் பொருந்தாமையால் பிள்ளைகள் பட்டினி கிடந்தனர்.

ஹேக் உடன்படிக்கை

பன்னாட்டுத் தனியார் சட்டத்திற்கான ஹேக் மாநாடு 1893-இல் நெதர்லாந்து நாட்டில் முதன்முதலாகக் கூடியது. அதனை முன்னின்று நடத்திய டோபியாஸ் ஆசர் என்னும் அறிஞர் 1911-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். திருமணம், மகவேற்பு, ஆவணச் சான்று முதலிய பொருள்களில் நாடுகளின் சட்டங்கள் முரண்படாமல் இயங்க வழிகாண்பது இவ்வமைப்பின் பணி. பராமரிப்பு பற்றி 1958-இலும் 1973-இலும் இம்மாநாடு உடன்படிக்கைகளை உருவாக்கியிருந்தது. பழைய ஏற்பாடுகளின் குறைகளை ஆராய்ந்த வல்லுநர்கள், புதிய உடன்படிக்கை ஒன்றே தீர்வு என 1999-இல் பரிந்துரைத்தனர். 2003 முதல் நடைபெற்ற பேச்சின் பயனாக 2007-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், குழந்தைப் பராமரிப்பையும் பிற குடும்பப் பராமரிப்பையும் பன்னாட்டளவில் பெறுதற்கான உடன்படிக்கை நிறைவேறியது.

இது 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அல்பேனியா, நார்வே, போஸ்னியா ஆகியவை தொடக்கத்தில் இணைந்த நாடுகளுட் சில. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2017-ஆம் ஆண்டு ஜனவரியிலும், துருக்கியில் அதே ஆண்டு பிப்ரவரியிலும் இது செயற்படத் தொடங்கியது. பின்னர் பிரேசில், நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளும் சேர்ந்தன. கனடாவின் சில மாநிலங்களில் 2024 முதல் இது நடைமுறையில் உள்ளது.

இருபத்தொரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பராமரிப்பே இதன் நடுநாயகம். விரும்பும் நாடு பதினெட்டு என வரையறுத்துக்கொள்ளவும் இடமுண்டு. பெற்றோர் மணம் புரிந்தவரா அல்லரா என்னும் வேறுபாடு பிள்ளையின் உரிமையைப் பாதிப்பதில்லை. ஒவ்வொரு நாடும் ஒரு மைய அதிகார அமைப்பை நிறுவ வேண்டும். குழந்தைப் பராமரிப்புக்கான விண்ணப்பங்களுக்கு, அடிப்படையே அற்றவை நீங்கலாகப் பெரும்பாலும் இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும். தூதரக முத்திரை முதலிய சான்றுறுதிச் சடங்குகள் வேண்டியதில்லை. இவையனைத்தும் சிறந்தவையே. ஆயினும் இவற்றை நாள்தோறும் இயங்கச் செய்பவை உடன்படிக்கையோடு பிறந்த படிவங்களேயாம்.

இருவகைப் படிவங்கள்

இப்படிவங்கள் இருவகைப்படும்: கட்டாயமானவை, பரிந்துரைக்கப்பட்டவை.

கட்டாயமானவை இரண்டே. முதலாவது, விண்ணப்பத்தோடு செல்லும் அனுப்புகைப் படிவம். எந்நாட்டு அமைப்பு அனுப்புகிறது, எந்நாட்டு அமைப்பு பெறுகிறது, பொறுப்பாளர் யார், வழக்கு எண் என்ன, விண்ணப்பிப்பவர் யார், எந்தப் பிள்ளைகளுக்காகத் தொகை கோரப்படுகிறது, கொடுக்க வேண்டியவர் யார், எவ்வகை விண்ணப்பம், எந்தெந்த ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளன என்பவை இதிலடங்கும். இரண்டாவது, ஒப்புகைப் படிவம். பெற்ற நாடு ஆறு வாரத்திற்குள் இதனை அனுப்ப வேண்டும். 'விண்ணப்பம் நிறைவாக உள்ளது', 'இன்ன ஆவணம் இன்னும் வேண்டும்', 'இன்ன காரணத்தால் ஏற்க இயலாது' என்பவற்றுள் உரிய கட்டத்தில் குறியிட்டு விடையளிக்க வேண்டும். ஒப்புகை அனுப்பிய மூன்று திங்களுக்குள் வழக்கின் நிலையையும் தெரிவித்தாக வேண்டும்.

பார்வைக்கு இவை அஞ்சல் அலுவலகத்துப் பற்றுச்சீட்டுப் போன்ற எளிய தாள்கள். ஆனால் பழைய உடன்படிக்கையின் பெருங்குறை எதுவோ அதனையே இவை களைந்தன என்பது எண்ணத்தக்கது. மௌனம் இனி ஒரு விடையாகாது. ஓர் ஆவணம் குறைவு என்பதற்காக மட்டுமே விண்ணப்பத்தைத் தள்ளிவிடவும் கூடாது. கேட்டுப் பெற வேண்டும்.

பரிந்துரைக்கப்பட்ட படிவங்கள் பல. தீர்ப்பை ஏற்று நிறைவேற்றக் கோரும் விண்ணப்பம், தீர்ப்பே இல்லாதபோது புதிதாகத் தீர்ப்புக் கோரும் விண்ணப்பம், தொகையை மாற்றக் கோரும் விண்ணப்பம் என ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொன்று உண்டு. தீர்ப்புச் சுருக்கம், தீர்ப்பு நிறைவேற்றத்தக்கது என்னும் சான்று, எதிர்த்தரப்பினர்க்கு அறிவிப்பு முறைப்படி சார்பு செய்யப்பட்டது என்னும் சான்று, இருதரப்புப் பொருளாதார நிலையறிக்கை, வழக்கு நிலையறிக்கை ஆகியனவும் இவற்றுள் அடங்கும். கொடுக்க வேண்டியவரும் இங்கு மறக்கப்படவில்லை. வேலையிழந்த தந்தை தொகையைக் குறைக்கக் கோருவதற்கும் விண்ணப்பப் படிவம் உண்டு. நீதி ஒருபக்கம் சாயாதிருத்தற்கு இது சான்று.

எண்ணே மொழியாதல்

இப்படிவங்களின் அமைப்பில் ஒரு நுட்பம் உள்ளது. எம்மொழியில் அச்சிட்டாலும் வரிசையும் எண்ணும் மாறுவதில்லை. துருக்கி மொழிப் படிவத்தின் எக்கட்டத்தில் பிள்ளையின் பிறந்த நாள் உள்ளதோ, ஜெர்மன் மொழிப் படிவத்திலும் அக்கட்டத்திலேயே அது இருக்கும். குறியிட வேண்டிய கட்டத்தில் குறியிட்டால் போதும். வாக்கியம் எழுத வேண்டியதில்லை. எனவே படிவத்தின் பெரும்பகுதியை மொழிபெயர்ப்பாளர் இன்றியே படிக்கலாம். பெயரும் தேதியும் தொகையும் மொழிபெயர்ப்புக்கு அப்பாற்பட்டவையன்றோ?

ஆயினும் விண்ணப்பமும் ஆவணங்களும் பெறும் நாட்டின் மொழியிலோ அந்நாடு ஏற்கும் பிறிதொரு மொழியிலோ மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பது பொதுவிதி. நீண்ட தீர்ப்பை மொழிபெயர்க்கும் செலவைக் குறைக்கத் தீர்ப்புச் சுருக்கம் உதவுகிறது. முழுத் தீர்ப்புக்கு மாற்றாகச் சுருக்கத்தையே ஏற்பதாக ஒரு நாடு அறிவிக்கவும் உடன்படிக்கை இடந்தருகிறது. இருபது பக்கத் தீர்ப்பின் பயன் இரண்டு பக்கக் கட்டங்களில் அடங்கிவிடுகிறது. சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் என்னும் அழகு நூலுக்கு மட்டுமன்றிப் படிவத்திற்கும் உரியதே.

இவற்றோடு நாட்டு விவரக் குறிப்பு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பராமரிப்பு எந்த வயது வரை, தொகை எவ்வாறு கணக்கிடப்படும், எந்த ஆவணங்கள் தேவை என்பவற்றை ஒரே வடிவில் எழுதி அனைவரும் காண வைக்கிறது. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு 'ஐ-சப்போர்ட்' என்னும் கணினி அமைப்பும் உருவாக்கப்பட்டது. இது வழக்குகளை நிருவகிப்பதோடு படிவங்களைப் பல மொழிகளில் ஆக்கித் தருகிறது.

ஒரு விண்ணப்பத்தின் பயணம்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குத் தொழிலாளர் செல்வது 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தம் முதல் தொடர்ந்து வரும் வரலாறு. இஸ்மிர் நகரில் ஒரு தாய் தன் இரு பிள்ளைகளோடு வாழ்கிறாள். தந்தை கொலோன் நகரில் ஓர் ஆலையில் பணிபுரிகிறான் எனக் கொள்வோம். இஸ்மிர்க் குடும்ப நீதிமன்றம் பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் ஒரு தொகை தருமாறு தீர்ப்பளித்துள்ளது. தந்தையோ விசாரணைக்கு வரவில்லை, தொகையும் அனுப்பவில்லை.

தாய் தன் ஊரில் இருந்தபடியே விண்ணப்பிக்கிறாள். அங்காராவில் உள்ள நீதி அமைச்சகம் துருக்கியின் மைய அதிகார அமைப்பாகச் செயற்படுகிறது. தீர்ப்பு, நிறைவேற்றத்தக்கது என்னும் சான்று, தந்தைக்கு முறைப்படி அறிவிப்புச் சென்றது என்னும் சான்று, நிலுவைக் கணக்கு ஆகியவை இணைக்கப்படுகின்றன. தந்தை விசாரணைக்கு வராமையால் அறிவிப்புச் சான்று இன்றியமையாதது. அவனறியாமல் அவன்மீது தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்னும் அறமும் இங்குக் காக்கப்படுகிறது. பொருளாதார நிலையறிக்கையில் தந்தையின் முதலாளி யார், வங்கிக் கணக்கோ சொத்தோ எங்குள்ளது என்று தாய் அறிந்தவற்றை எழுதுகிறாள். அறியாதவற்றை வெறுமையாக விடலாம். தந்தை இருக்குமிடத்தைக் கண்டறிய உதவுவது மைய அமைப்பின் கடமையேயாம்.

கட்டு, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கூட்டாட்சி நீதி அலுவலகத்தை அடைகிறது. ஒப்புகைப் படிவம் அங்காராவுக்குத் திரும்புகிறது. பின்னர் விண்ணப்பம் உரிய நீதிமன்றத்திற்குச் செல்கிறது. வழக்கை மீண்டும் முதலிலிருந்து விசாரிக்க அந்நீதிமன்றத்திற்கு உரிமையில்லை. பொது ஒழுங்கிற்கு வெளிப்படையாக மாறுபடாதாயின், தீர்ப்பைக் காலந்தாழ்த்தாது நிறைவேற்றத்தக்கதாக அறிவிக்க வேண்டும். அதன்பின் தந்தைக்கு அறிவிப்புச் செல்லும். அவன் எதிர்க்க விரும்பினால் முப்பது நாளுக்குள் எதிர்க்கலாம். அறிவித்த நாட்டில் வசியாதவர் எனில் அறுபது நாள் உண்டு. அறிவிப்பே வரவில்லை, ஆவணம் பொய்யானது, நிலுவைத் தொகையை முன்னரே செலுத்திவிட்டேன் என்பன போன்ற வரையறுத்த காரணங்களையே அவன் கூறலாம்.

எதிர்ப்பு நில்லாதாயின் நிறைவேற்றம் தொடங்கும். ஊதியத்தில் பிடித்தம், வங்கிக் கணக்கிலிருந்து பெறுதல், சொத்தின்மீது உரிமைப்பற்று, வரித் திருப்பத்தை நிறுத்தி வைத்தல், ஓய்வூதியத்தில் பிடித்தம், உரிமங்களை இடைநிறுத்துதல் முதலிய வழிகளை உடன்படிக்கை எடுத்துக்காட்டுகிறது. இவற்றுள் எவை என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் முடிவு செய்யும். அமெரிக்காவில் 2,500 டாலருக்கு மேல் பராமரிப்பு நிலுவை வைத்திருப்பவர்க்குக் கடவுச்சீட்டு மறுக்கப்படுதல் இங்கு நினையத்தக்கது. உள்நாட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் வழிகளுக்குக் குறையாத வழிகள் அயல்நாட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் கட்டளை.

காட்டலும் மறைத்தலும்

படிவம் என்பது தகவலைக் கேட்பது. ஆனால் சில தகவல்கள் வெளிப்பட்டால் உயிருக்கே தீங்கு நேரலாம். கணவனின் கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்த பெண்ணின் முகவரி, தொகை கேட்கும் விண்ணப்பத்தின் வழியாகவே அவன் கையை அடைந்தால் என்னாகும்? இதனை உணர்ந்தே, உடல்நலமோ பாதுகாப்போ சுதந்திரமோ பாதிக்கப்படும் எனத் தெரிந்தால் அத்தகவலை வெளியிடலாகாது என்று உடன்படிக்கை விதிக்கிறது. அதற்கேற்பப் பரிந்துரைப் படிவங்களில் விண்ணப்பதாரரின் மறைவுத் தகவல்களுக்கெனத் தனித்தாள் வகுக்கப்பட்டுள்ளது. அதனை அலுவலகம் மட்டுமே காணும். எதிர்த்தரப்புக்குச் செல்லும் தாளில் முகவரி இராது. ஒரு தாளை இரண்டாகப் பிரித்த இச்சிறு செயலில் எத்துணை மனிதநேயம் அடங்கியுள்ளது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

படிவத்தால் ஆகாதவை

படிவத்தின் பெருமையைக் கூறுங்கால் அதன் எல்லையையும் கூறுதல் நேர்மையாகும். கொடுக்க வேண்டியவரிடம் பொருளே இல்லையெனில் எப்படிவமும் பொருளை ஆக்காது. சிறு தொகையை நாடுவிட்டு நாடு அனுப்புங்கால் வங்கிக் கட்டணமும் நாணய மாற்றும் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன.

சட்டக் கருத்துகளும் எங்கும் ஒன்றல்ல. பிள்ளை வாழும் இடத்து நீதிமன்றமே தீர்ப்பளிக்கலாம் என்பது பல நாடுகளின் கொள்கை. அமெரிக்காவோ, தந்தைக்கு அந்த இடத்தோடு போதிய தொடர்பு இருந்தாலன்றி அத்தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கருதி, அது குறித்து விலக்கு அறிவித்தே உடன்படிக்கையில் சேர்ந்தது. அத்தகைய நேர்வில் பிள்ளைக்காக அந்நாட்டிலேயே புதிய தீர்ப்புப் பெற உதவ வேண்டும் என உடன்படிக்கை மாற்றுவழி காட்டுகிறது. வழி உண்டு, ஆனால் பயணம் நீள்கிறது.

நம் நாட்டின் நிலை

இனி நம்மைப் பற்றி எண்ணுவோம். இந்தியா 2008-ஆம் ஆண்டு முதல் ஹேக் மாநாட்டின் உறுப்பு நாடாக உள்ளது. ஆவணச் சான்று பற்றிய உடன்படிக்கையிலும், அயல்நாட்டில் அழைப்பாணை சார்பு செய்தல் பற்றிய 1965-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இந்தியா இணைந்துள்ளது. எனவே நம் நீதிமன்றத்தின் அழைப்பாணை ஹேக் மாதிரிப் படிவத்தோடு அயல்நாடு செல்லுதல் இயல்கிறது. ஆனால் 1956-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையிலோ 2007-ஆம் ஆண்டு பராமரிப்பு உடன்படிக்கையிலோ இந்தியா சேரவில்லை. 'நீதிமன்றத்திற்கு வா' என்னும் தாள் எல்லை கடக்கிறது; 'பிள்ளைக்குச் சோறு கொடு' என்னும் தாள் கடப்பதில்லை.

உள்நாட்டில் பிள்ளையின் உரிமை ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டுள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக இருந்தது. முசுலிம் பெற்றோரின் பிள்ளைகளும் அப்பிரிவின்கீழ்ப் பராமரிப்புப் பெற உரியவர் என 1997-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் அப்பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நிற்கிறது. தமிழகத்துத் தாய் ஒருத்தி இங்குள்ள நீதிமன்றத்தில் ஆணை பெறலாம். ஆனால் தந்தை ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருப்பின், அந்த ஆணையை அங்கு எடுத்துச் செல்ல அவளுக்கு மைய அதிகார அமைப்பு இல்லை. இலவச உதவிக்கு உடன்படிக்கை வழி உரிமையும் இல்லை. அந்தந்த நாட்டுச் சட்டம் எவ்வளவு இடந்தருகிறதோ அவ்வளவே அவளுக்குரியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-அ பிரிவு, அறிவிக்கப்பட்ட அயல்நாடுகளின் தீர்ப்பாணைகளை இங்கு நிறைவேற்ற வழி செய்கிறது. இங்குள்ள ஆணை அங்கு நிறைவேறுவதோ அந்நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

ஒரு சிறு கடல் இடைவெளியில் நிலை மாறுவது கருதத்தக்கது. இலங்கை 1956-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் உள்ளமையால், யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி, அவ்வுடன்படிக்கையில் உள்ள சுவிட்சர்லாந்திலோ பிரான்சிலோ வாழும் தந்தையிடம் தொகை கோருதற்குச் சட்டவழி ஒன்றேனும் உண்டு. இராமநாதபுரத்துத் தாய்க்கு அது இல்லை. இருவரும் ஒரே மொழி பேசுவோர். இருவர் பிள்ளைகளின் பசியும் ஒன்றே.

நம்மவர் பெருந்தொகையாகப் பணிபுரியும் வளைகுடா நாடுகளும் 2007-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இணையவில்லை என்பதையும் மறத்தலாகாது. எனவே இந்தியா இணைந்தாலும் எல்லாச் சிக்கலும் ஒரே நாளில் தீர்ந்துவிடா. ஆயினும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கதவுகள் திறக்கும். அயல்நாடு வாழ் இந்தியரின் மணவாழ்வுச் சிக்கல்கள் பற்றி 2024-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியச் சட்ட ஆணையத்தின் 287-ஆவது அறிக்கை, பிள்ளைகளின் பராமரிப்பையும் உள்ளடக்கிய முழுமையான சட்டம் ஒன்று தேவை எனப் பரிந்துரைத்துள்ளது. அச்சட்டம் வருமாயின், உடன்படிக்கையில் இணைவதும் அதனோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

அதுவரை நாம் வாளா இருத்தல் வேண்டா. மேற்கண்ட படிவங்கள் எவற்றைக் கேட்கின்றன என்பதே எவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டி. திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அயல்நாடு செல்பவரின் கடவுச்சீட்டு நகல், பணி ஒப்பந்த நகல், முதலாளியின் பெயரும் முகவரியும், இதுவரை அனுப்பிய தொகைக்கான வங்கிச் சான்று ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் ஓர் உறையில் இட்டு வைத்தல் நலம். இது ஐயத்தின் விளைவன்று, முன்னறிவின் விளைவே. நன்றாக வாழும் குடும்பத்திற்கு அவ்வுறை சுமையாவதில்லை. இடர் நேர்ந்தால் வழக்கின் முதற்படி அதிலிருந்தே தொடங்கும். கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் தத்தம் ஊர்களில் எழுத்தறியாத தாய்மார்க்கு இதனை எடுத்துச் சொன்னால் அதுவும் ஒரு கல்விப் பயனேயாம்.

முடிவுரை

படிவம் என்றால் நமக்குச் சலிப்பு. அலுவலகத்தின் நீண்ட வரிசையும், நிரப்பிய தாள் திரும்பி வருதலும் நினைவுக்கு வரும். ஆனால் நன்கு அமைந்த படிவம் எளியவரின் பக்கம் நிற்கும் கருவியாகும். வாதிட வல்லார்க்குப் படிவம் வேண்டா, வழக்கறிஞர் உளர். தன் துன்பத்தை அயல்மொழியில் எடுத்துரைக்க இயலாத தாய்க்கே எண்ணிட்ட கட்டங்கள் வாயாகின்றன. அவள் இடும் ஒரு குறி, அவள் பார்த்தறியாத நகரில் ஓர் அலுவலரைச் செயற்பட வைக்கிறது. ஆறு வாரத்தில் விடை வந்தாக வேண்டும் என்னும் ஒரு வரி, அவளை இரந்து நிற்பவள் என்னும் நிலையிலிருந்து உரிமையோடு கேட்பவளாக உயர்த்துகிறது.

கடமைக்கு எல்லை இல்லை என்று நம் நூல்கள் கூறுகின்றன. அக்கடமையை எல்லைக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் தாள்களை உலகம் அச்சிட்டு வைத்துள்ளது. அவற்றுள் நம் பிள்ளைகளின் பெயரும் எழுதப்படும் நாள் விரைந்து வருதல் வேண்டும்.